செருமன் தொரை கல்லைப் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை

எங்கள் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை யாராவது நல்ல சேலை உடுத்திக்கொண்டு, "கல்லுப் பாக்கப் போறோம்" என்று கிளம்பினால், எந்தக் கல் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். பொண்ணு யார், மாப்பிள்ளை எந்தத் தோட்டம் என்றுதான் கேட்பார்கள்.

கல் என்னவோ நிஜமாகவே இருந்தது. ஹட்டனிலிருந்து பஸ் பிடித்தால் எங்கள் கடைவீதி. கடைவீதிக்கு மேலே தேயிலை, தேயிலைக்கு மேலே மலை உச்சியில் இரும்பு வேலி போட்ட உயரமான கல்தூண். காடு வெட்டி இந்தத் தோட்டத்தை முதலில் போட்ட செருமன் தொரை, தன் பெயர் நிற்க வேண்டும் என்று கட்டிவைத்தது. அப்புறம் பெரிய யுத்தம் வந்து, செருமன்காரர்களை எல்லாம் இங்கிலீஷ்காரர்கள் கப்பலேற்றிவிட்டார்கள். தோட்டம் கைமாறியது. கல்லில் வளைவு வளைவாகச் செதுக்கியிருந்த எழுத்தை வாசிக்க ஆள் இல்லாமல் போனது. பெயர் நிற்கத்தான் செய்தது, அது என்ன பெயர் என்றுதான் யாருக்கும் தெரியாது.

ஆனால் அந்த மனுஷன் விட்டுப்போனது கல்லை மட்டுமல்ல. கடைவீதியில் தபால் கந்தோர் இருந்த கட்டடத்துக்குச் செங்குத்தாகக் கூரை. பனி கொட்டும் ஊருக்குக் கட்டுகிற கூரையாம் அது. எங்கள் ஊரில் பனி எங்கே கொட்டியது, மழைதான் கொட்டியது. அதற்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி. தொரைக்குச் சமைத்த சிங்களவரின் பேரன் நடத்தினார். சனிக்கிழமை தோறும் அங்கே ஒரு கறுப்பு ரொட்டி போடுவார்கள். புளிப்பும் சீரக வாசமுமாக, தலையில் விழுந்தால் தையல் போடவேண்டிய அளவுக்குக் கனமாக இருக்கும். கொழுந்து பறிக்கும் மலையில் எங்கள் கங்காணிகள் "சுனெல்லு, சுனெல்லு" என்று விரட்டுவார்கள். சீக்கிரம் என்று அர்த்தம். மற்றத் தோட்டத்தில் இருந்து வந்தவர்கள் முழிப்பார்கள். எங்கள் தாத்தா காலத்தில் செருமன் தொரை கத்திய கத்து அது, தொண்டை மாறித் தொண்டை வந்துவிட்டது.

பெண் பார்ப்பதற்கு ஏன் அந்த உச்சிக்குப் போகவேண்டும்? லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் வாழ்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும். ஒரே கூரை, திண்ணை மாதிரி ஒரே நீள இஸ்தோப்பு, அதில் வரிசையாகக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஓர் அறை. ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் இருந்து "நூறு வயசு" என்று குரல் வரும். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று போனால் அந்தப் பெண் மறுநாள் விடியலில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்கு எப்படிப் போய் நிற்பாள்? அதனால் இரண்டு வீட்டாரும் கல்லைப் பார்க்கப் போவார்கள். பிடித்திருந்தால் இறங்கும்போது பெண் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிப்பார்கள். பிடிக்காவிட்டால் நேரே பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். கல்லைத்தானே பார்த்தார்கள், யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

அந்தக் கல்லுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. அதில் கை வைத்து ஒன்றைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான், மாற்றக் கூடாது. கோழி காணாமல் போன வழக்கு, புருஷன் பெண்டாட்டி வழக்கு எல்லாம் அங்கே போய்த் தீரும். "குடிய விட்டேன்னு கல்லுல கைய வச்சுச் சொல்லு பாப்பம்" என்றால் எங்கள் தோட்டத்து ஆண்களில் பாதிப் பேருக்கு அன்றைக்கே முழங்கால் வலி வந்துவிடும்.

எனக்கு இருபது வயது நடந்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரன் கொடியை இறக்கிச் சில வருஷம் ஆகியிருந்தாலும், எங்கள் தோட்டத்துப் பங்களாவில் இன்னும் வெள்ளைக்காரத் தொரைதான். அப்பா இல்லை. அம்மாவுக்கு ஒரு கால் வாதத்தில் இழுத்துக்கொண்டதும் வேலையாட்கள் பேர் எழுதுகிற செக்ரோலில் அவள் பேரை வெட்டிவிட்டார்கள். தோட்டத்தில் பேர் இருந்தால்தான் காம்பரா. எங்கள் காம்பரா என் பேரில் நின்றது. நான் கல்யாணம் கட்டி வேறு தோட்டத்துக்குப் போனால் என் பேரும் போகும், பேரோடு காம்பராவும் போகும். அப்புறம் அம்மா எங்கே படுப்பாள்? அதுதான் என் தலையில் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்பதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின மாதம் பெண் பார்க்க ஒரு கூட்டம் வந்தது. நான் உச்சியிலேயே கேட்டுவிட்டேன், "எங்க அம்மாவும் என்கூட வருவாங்க, சரிங்களா?" என்று. அவர்கள் கல்லை மட்டும் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிட்டார்கள். அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

எனவே இந்த முறை விடிந்ததில் இருந்தே ஆரம்பித்துவிட்டாள். "அடியே, இன்னிக்கி வாயத் தொறந்தேன்னா பாரு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நான் என் தம்பி வீட்டுக்குப் போயிக்கிறேன். எனக்கு என்னா கொறச்சல்?"

அந்தத் தம்பி, அதாவது என் மாமா, வாசலில் நின்று சுருட்டைத் தேடுவது போல் மடியைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் காம்பராவில் ஏற்கெனவே படுக்க இடமில்லாமல் அவரே இஸ்தோப்பில் சாக்குக்கு உள்ளே படுத்துவந்தார். ஆனாலும் "ஆமா ஆமா, அக்கா எங்க வீட்டுக்கு வரட்டும்" என்றார். நல்ல மனுஷர். அவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. உண்மை சொல்லவும் அவ்வளவாகத் தெரியாது.

மாப்பிள்ளை வீட்டார் வட்டவளையில் இருந்து ரயிலேறி, ஹட்டனில் இறங்கி, பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். வந்தது இரண்டே பேர், மாப்பிள்ளையும் அவர் அம்மாவும். அவருக்கு அங்கே தேயிலை ஆலையில், நாங்கள் ஸ்டோர் என்போம், கொழுந்து உருட்டுகிற ரோதையில் வேலை. காலில் கறுப்புச் சப்பாத்து. யாரிடமோ இரவல் வாங்கியிருக்க வேண்டும், ஒவ்வோர் அடிக்கும் வாத்துக் கத்துவது போல் கத்தியது. அவர் அம்மாவுக்கு நல்ல கனத்த உடம்பு, காதில் பெரிய தோடு, கையில் குடை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் மலையை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் மாமாவைப் பார்த்தார்.

"அங்கயா ஏறணும்?"

"பக்கந்தான் அக்கா. கொழந்தப் புள்ளைங்க ஓடி ஏறும்."

"நான் என்னா கொழந்தப் புள்ளையா?" என்றார். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது.

மாமா பேக்கரியில் கறுப்பு ரொட்டி ஒன்று வாங்கிக்கொண்டார். கல்லுக்கு ரொட்டியும் சுருட்டும் வைக்கவேண்டும். செருமன் தொரை உயிரோடு இருந்தபோது அதைத்தான் விரும்பினாராம். பியரும் வைக்கவேண்டும் என்பது மாமாவின் கட்சி, ஆனால் கால் முடியாமல் வீட்டிலேயே நின்றுவிட்ட என் அம்மா காலையிலேயே அதற்குத் தடை போட்டிருந்தாள்.

ஏற ஆரம்பித்தோம். மாமா முன்னால், அவருக்கும் முன்னால் அவர் வாய். அந்தத் தொரையைப் பற்றி அவர் அள்ளி விட்டதைக் கேட்டு எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதல் வளைவில் தொரை ஆறடி உயரம். இரண்டாவது வளைவில் ஏழடி ஆகிவிட்டார். சவுக்கு மரத்தடியில் இளைப்பாறியபோது, தொரை ஒரு சிறுத்தையின் கழுத்தைக் கையாலேயே முறித்திருந்தார்.

"நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே.

"எங்கப்பா பாத்தாரு."

"ஒங்கப்பா அப்ப என்னா செஞ்சாரு?"

"மரத்துல இருந்தாரு."

அந்த அம்மா அப்படியே உட்கார்ந்து சிரித்தார். குடை ஒரு பக்கம், தோடு ஒரு பக்கம் ஆடியது. மாப்பிள்ளை குனிந்து, அம்மாவின் காலில் ஏறியிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார். அப்போதும் அவர் சப்பாத்து கத்தியது.

மேலே போகப் போக மூடுபனி இறங்கியது. தேயிலை முடிந்து புல் தொடங்கியது. கடைசி ஏற்றத்தில் படி எதுவும் கிடையாது, பாறையைப் பிடித்துத்தான் ஏறவேண்டும். நான் முன்னால் ஏறிக் கை கொடுத்தேன். கொழுந்துக் கூடை சுமந்த கை, சும்மாவா? ஒரே இழுப்பில் அந்த அம்மாவை மேலே கொண்டு வந்துவிட்டேன். "யாத்தே! என்னா பலம் புள்ள ஒனக்கு!" என்றார். அது பெண்ணுக்குச் சொல்கிற புகழ்ச்சியா குறையா என்று எனக்குத் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அம்மா சொல்லி அனுப்பியிருந்தாளே.

உச்சிக்கு வந்ததும் காற்று மூடுபனியைக் கிழித்துவிட்டது. ஒரு பக்கம் சிவனொளிபாத மலை, இன்னொரு பக்கம் ஹட்டன் ஊர்க் கூரைகள். தூரத்தில் பச்சைக்குள் இருந்து வெள்ளையாக ஒரு புகை நகர்ந்து போனது.

"அது ரயிலா?" என்றார் அந்த அம்மா. "அப்படின்னா அந்தப் பக்கம் வட்டவளை. டேய், நம்ம ஊருடா! நம்ம தோட்டம் எங்கடா?"

"தெரியலம்மா. அந்த மொடக்குக்கு அங்கிட்டு இருக்கும்."

"இம்புட்டுக்காணு இருக்கு. இதுக்குள்ளதான் இத்தன வருசமா வெந்துக்கிட்டு இருக்கேனா?" என்று சொல்லிவிட்டு, நெடுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் எத்தனையோ தடவை அந்த உச்சிக்குப் போயிருக்கிறேன். அங்கே இருந்து ஒருத்தி தன் ஊரைத் தேடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மாமா ரொட்டியை வெட்டிக் கல்லடியில் வைத்தார். சுருட்டைப் பற்றவைத்து, தொரைக்கு முன்னால் தானே இரண்டு இழுப்பு இழுத்து, எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வைத்தார். சூடம் கொளுத்திக் கும்பிட்டோம். பிறகு ஆளுக்கொரு துண்டு ரொட்டி. மாப்பிள்ளையின் அம்மா கடித்துப் பார்த்து, "இதத் தின்னு தின்னுதான் சிறுத்தையக் கொன்னாரா?" என்றார்.

ஏற்றமும் சிரிப்பும் சேர்ந்து அவருக்கு மூச்சு வாங்கியது. திறந்திருந்த வேலிக் கதவு வழியாக உள்ளே போய், கல்லில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அப்படி நின்றபடியே மாமாவிடம் கேட்டார்: "பொண்ணோட அம்மா வரலியா?"

"அக்காவுக்குக் காலு சரியில்ல. பேரக் கூட வெட்டிட்டாங்க."

"அடப் பாவமே. அதுக்கென்னா, புள்ளையக் கட்டிக் குடுத்திட்டுத் தனியா எதுக்கு இருக்கணும்? எங்க வீட்டுக்கு வந்து இருக்கட்டும். அதுவும் அவங்க வீடு மாதிரிதானே!"

சம்பந்தம் பேசும் இடத்தில் எல்லாரும் சொல்கிற உபசாரம்தான் அது. வாங்க, இருங்க, சாப்பிடுங்க என்பதைப் போல. அதைக் கேட்டு யாரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடமாட்டார்கள். ஆனால் அவர் கை கல்லில் இருந்தது. அம்மா சொல்லியனுப்பியது எல்லாம் காற்றோடு போனது.

"அத்தை!" என்று கத்திவிட்டேன். இன்னும் சம்பந்தமே பேசவில்லை, அதற்குள் அத்தை! "கல்லுல கைய வச்சுச் சொல்லிட்டீங்க!"

அவர் பயந்து போனார். "என்னா புள்ள? பாம்பா?"

மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எங்கள் தோட்டத்து வழக்கத்தை எடுத்துச் சொன்னார். இங்கே கை வைத்துச் சொன்னால் மாற்றக் கூடாது, போன வருஷம் இப்படித்தான் ஒருத்தன் மாற்றப் போய் மரத்தில் இருந்து விழுந்தான் என்று தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்தார். அந்த அம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லப் போனது. கல்லைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். மாப்பிள்ளை "அம்மா..." என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீ செத்த சும்மா இரு" என்று அடக்கிவிட்டார்.

விட்டேனா பார் என்று பிடித்துக்கொண்டிருக்கலாம். என் அம்மாவுக்கு ஒரு கூரை அந்தக் கையில் இருந்தது. ஆனால் அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. வலையில் விழுந்த கோழி மாதிரி ஒருத்தியைப் பிடித்து, அவள் வீட்டில் என் அம்மாவை எப்படிக் கொண்டுபோய் வைப்பேன்? தினமும் அம்மா சோற்றுத் தட்டில் அல்லவா அந்தக் கசப்பு வந்து விழும்?

"கைய எடுங்க அத்தை," என்றேன். "ஒங்களுக்கு வழக்கம் தெரியாது. தெரியாமச் சொன்னது செல்லாது. ஆனா நான் ஒண்ணு சொல்லிர்றேன். எங்க அம்மா இல்லாம நான் எங்கயும் வரமாட்டேன். தம்பி வீடு, அண்ணன் வீடுன்னு அவங்கள விட மாட்டேன். முடியும்னா நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. முடியாதுன்னா பரவாயில்ல. கல்லுப் பாத்தாச்சு, ரொட்டியும் தின்னாச்சு."

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த அம்மா கல்லில் இருந்து கையை எடுத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்தக் காலு?"

"எடது காலு அத்தை."

"ம்," என்றார். குடையை ஊன்றிக்கொண்டு இறங்க ஆரம்பித்தார்.

இறக்கம் முழுவதும் மாமாகூடக் கதை விடவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் சொன்னதை நினைத்து வருத்தப்படவில்லை. தேயிலைக்குள் வந்து, பாதை பிரிகிற இடம் வந்தது. இடப்பக்கம் இறங்கினால் எங்கள் லயம். நேரே போனால் கடைவீதி, பஸ். அந்த அம்மா அங்கே நின்றார். குடையால் தரையைத் தட்டினார்.

"ஒங்க வீடு எந்தப் பக்கம் புள்ள?"

நான் கையை நீட்டுவதற்குள் மாமா "இந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம்!" என்று ஓடிப்போய் வழிகாட்டினார்.

லயத்து இஸ்தோப்பில் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் வருவதைப் பார்த்ததும் சடக்கென்று உள்ளே போய் அடுப்பில் தண்ணீரை வைத்தாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ, பாவம். மாப்பிள்ளையின் அம்மா குனிந்து உள்ளே போய்ப் பலகையில் உட்கார்ந்தார். எங்களை வெளியே நிறுத்திவிட்டார்.

"ஒங்க மக மலையில என்னைய நல்லா மாட்டிவிட்டா," என்று ஆரம்பித்தார். அம்மா வாசல் வழியாக என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "அப்புறம் அவளே அவுத்தும் விட்டா. ஆனா கல்லுக்கிட்டச் சொல்லி எனக்கு என்னா ஆவப் போவுது? அந்தக் கல்லா வந்து என் வீட்டுல இருக்கப் போவுது? அதான் ஒங்களப் பாத்தே சொல்லிட்டுப் போவமுன்னு வந்தேன். நீங்களும் வந்துருங்க."

"அவ கெடக்குறா அக்கா. வாயி அடங்காது. நான் என் தம்பி வீட்டுக்கு..."

"இந்தத் தம்பியா? சிறுத்தையப் பாத்து மரத்துல ஏறுன குடும்பத்துல ஒங்கள யாரு பாத்துக்குவா?"

மாமா இதைக் கேட்டும் கேட்காதவர் போல் கூரையைப் பார்த்தார்.

"நான் சும்மா ஒக்காந்து திங்க மாட்டேன்," என்றாள் அம்மா.

"யாரு திங்க விட்டா? இவன் ஸ்டோருக்குப் போயிருவான். ஒங்க மக கொழுந்துக்குப் போயிருவா. நான் செவுத்துக்கிட்டயா பேசுவேன்? எனக்குப் பொகை ஆவாது, அடுப்ப நீங்க பாருங்க. உச்சியில நின்னு பாத்தேன், எங்க ஊரு இம்புட்டுக்காணுதான் இருக்கு. அதுல ரெண்டு கெழவிங்களுக்கு எடம் இல்லாமயா போயிரும்?"

பிறகு அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "எனக்கு ரெண்டு கோழி இருக்கு," என்றாள்.

"முட்டை இடுமா?"

"ஒண்ணு இடும். ஒண்ணு சும்மா திரியும்."

"சரி, அதுவும் வரட்டும்."

அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசியதைக் கேட்டால், கல்யாணம் யாருக்கு என்றே தெரியாது. அம்மிக்கல்லைக் கொண்டுவருவதா வேண்டாமா, காலைத் தேத்தண்ணிக்குச் சீனியா வெல்லமா என்று போய்க்கொண்டே இருந்தது. கால் இழுத்த நாளில் இருந்து அம்மா அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. சந்தோஷத்தில் அழுவார்கள் என்று சொல்வதை அதுவரை நான் நம்பியதில்லை.

இஸ்தோப்பில் எனக்குப் பக்கத்தில் சப்பாத்து கத்தியது.

"எங்க அம்மாவுக்கு ஒங்க அம்மாவப் புடிச்சிருச்சு," என்றார் மாப்பிள்ளை மெதுவாக. "ஒங்களுக்கு என்னையப் புடிச்சிருக்கான்னு யாரும் கேக்கலியே."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. காலையில் இருந்து அவர் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், இந்த மனுஷரை நான் ஒரு தடவைகூடச் சரியாகப் பார்க்கவில்லை.

"செத்த இருங்க," என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "இனிமேத்தான் பாக்கணும்."

நிமிர்ந்து பார்த்தேன். அவரும் பயந்துகொண்டே நின்று காட்டினார்.